உங்கள் வார்டின் எல்லைக்கோட்டை யார் போடுகிறார்கள்? வார்டு மறுவரையறை: முழுமையான வழிகாட்டி

எங்கள் பேரூராட்சியில் ஒரு தெரு இருக்கிறது. கிழக்குப் பக்க வீடுகள் ஒரு வார்டு, மேற்குப் பக்க வீடுகள் இன்னொரு வார்டு. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து சாக்கடை ஒன்றுதான். மழைக்காலத்தில் அது அடைத்துக்கொண்டால் கிழக்குப் பக்கத்துக் கவுன்சிலர், "அது அந்தப் பக்க வாய்க்கால்ங்க" என்பார். மேற்குப் பக்கத்தவர், "அடைப்பு உங்க முனையிலதானே இருக்கு" என்பார். தண்ணீர் மட்டும் இரண்டு பக்கத்து வீட்டு வாசலுக்கும் ஒரே நேரத்தில் வந்துவிடும்.

அந்தக் கோட்டை யாரோ ஒருநாள் காகிதத்தில் போட்டார்கள். வரைவு என்று பெயர் வைத்து அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். ஆட்சேபணை கேட்டார்கள். எங்கள் தெருவிலிருந்து ஒருவர்கூடப் போகவில்லை, நானும் போகவில்லை. வரைவு இறுதியான பிறகு போய்க் கேட்டபோது, "காலக்கெடு முடிஞ்சிடுச்சு" என்று பொறுமையாகவே பதில் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன். அப்படித் தெரிந்துகொண்டதை, தமிழ்நாட்டு உள்ளாட்சிகளை வைத்து, வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம்

மறுவரையறை என்றதும் எல்லோருக்கும் நாடாளுமன்றத் தொகுதிகள்தான் நினைவுக்கு வருகின்றன. அது வேறு வேலை. மக்களவை, சட்டமன்றத் தொகுதிகளின் எல்லையை மத்திய அளவில் அமைக்கப்படும் ஆணையம் வரைகிறது. தமிழ்நாட்டின் இப்போதைய சட்டமன்றத் தொகுதிகள் 2008-ல் வந்த மறுவரையறையின்படி அமைந்தவை. உள்ளாட்சி வார்டுகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வார்டு எல்லை மாநிலச் சட்டத்தின் கீழ் வருகிறது. தமிழ்நாட்டில் இதற்கென்றே 2017-ல் மறுவரையறை ஆணையச் சட்டம் கொண்டுவந்தார்கள். மாநிலத் தேர்தல் ஆணையர்தான் அந்த ஆணையத்தின் தலைவர். மாவட்ட அளவில் ஆட்சியர் பொறுப்பு. அவருக்குக் கீழே ஊராட்சி ஒன்றியத்தில் வட்டார வளர்ச்சி அலுவலரான பி.டி.ஓ., பேரூராட்சியில் செயல் அலுவலர், நகராட்சி, மாநகராட்சியில் ஆணையாளர் என்று வேலை இறங்கி வருகிறது. கடைசியில் பென்சிலைப் பிடித்து, எந்தத் தெரு எந்த வார்டு என்று எழுதுகிறவர் உங்கள் ஊர் அலுவலகத்தில்தான் இருக்கிறார். நல்லதோ கெட்டதோ, முதல் கோடு அங்கேதான் விழுகிறது.

படி 1: எத்தனை வார்டு என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லைக்கு முன்னால் எண்ணிக்கை முடிவாகிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-ன்படி கிராம ஊராட்சியில் உறுப்பினர்கள் 5-க்குக் குறையக் கூடாது, 15-ஐத் தாண்டக் கூடாது. ஊராட்சி ஒன்றியத்தில் சுமார் 5,000 பேருக்கு ஒரு கவுன்சிலர், மாவட்ட ஊராட்சியில் சுமார் 50,000 பேருக்கு ஒருவர். கிராமத்தில் ஓட்டுப் போடுகிறவருக்கு நான்கு ஓட்டு. வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். ஆக, அவர் வீட்டைச் சுற்றி ஒன்றுக்கு வெளியே ஒன்றாகப் பல கோடுகள் ஓடுகின்றன. வரைவைப் பார்க்கும்போது மூன்று வார்டுகளையும் பார்க்க வேண்டும். பெரும்பாலானோர் கிராம வார்டை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

நகரத்தில் மக்கள்தொகையைப் பொறுத்து மன்றத்தின் அளவை அரசு நிர்ணயிக்கிறது. சென்னை மாநகராட்சிக்கு 200 வார்டு, கோவைக்கும் மதுரைக்கும் தலா 100, 2021-ல் உருவான தாம்பரத்துக்கு 70. நகரத்து வாக்காளருக்கு ஒரே ஓட்டு. 2022 தேர்தலில் மேயரையும் நகராட்சித் தலைவரையும் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். அப்படி இருக்கும்போது அந்த ஒரு ஓட்டு எந்தக் கோட்டுக்குள் விழுகிறது என்பதில் மேயர் நாற்காலியும் அடங்கியிருக்கிறது.

படி 2: சராசரியைக் கணக்குப் போடுங்கள்

இந்த வேலையின் உயிர்நாடி ஒரு எளிய வகுத்தல் கணக்கு. மொத்த மக்கள்தொகையை வார்டு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 18,000 பேர் உள்ள பேரூராட்சி, 15 வார்டு என்றால் சராசரி 1,200. எந்த வார்டும் இதைவிட்டு ரொம்பத் தள்ளிப் போகக் கூடாது. அரசியல் சாசனத்தின் 243-சி பிரிவு, ஊராட்சிகளில் மக்கள்தொகைக்கும் இடங்களுக்கும் உள்ள விகிதம் முடிந்தவரை எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறது. 'முடிந்தவரை' என்ற சொல்லுக்குள் நிறைய விஷயங்கள் ஒளிந்துகொள்ளும். பத்து சதவீதத்துக்குள் கூடக்குறைய இருந்தால் நான் பேசாமல் விட்டுவிடுவேன். அதைத் தாண்டினால் ஏன் என்று கேட்பேன்.

கணக்கு ஏன் முக்கியம் என்பதற்குச் சென்னையைப் பாருங்கள். 2011-ல் சென்னையைச் சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகளை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். சுமார் 174 சதுர கிலோமீட்டராக இருந்த நகரம் 426 ஆனது. வார்டுகள் 155-லிருந்து 200 ஆயின. கேட்பதற்கு எல்லோருக்கும் கூடுதல் பிரதிநிதிகள் கிடைத்த மாதிரி இருக்கும். ஆனால் பழைய நகரத்தின் 155 வார்டுகளை 107 ஆகச் சுருக்கிவிட்டு, புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்கு 93 கொடுத்தார்கள். 2011 கணக்கெடுப்பின்படி பழைய நகரத்தில் 46 லட்சத்துக்கும் மேல் மக்கள், சேர்ந்த பகுதிகளில் சுமார் 20 லட்சம். வகுத்துப் பாருங்கள். பழைய நகரத்தில் ஒரு வார்டுக்கு 43,000 பேருக்கு மேல், புறநகரில் சுமார் 21,000, 22,000. பழைய நகரத்தில் இரண்டு பேர் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் பிரதிநிதித்துவத்தைப் புறநகரில் ஒருவர் பெற்றார் என்று சொல்லலாம். புறநகர் வளரும், அதற்கு இடம் வைக்க வேண்டும் என்று ஒரு நியாயம் சொல்லலாம்தான். ஆனாலும் இருமடங்கு வித்தியாசம் என்பது என் மனசுக்கு ஒப்பவில்லை.

இங்கே பலரும் தவறு செய்கிற இடம் ஒன்று உண்டு. கணக்கு வாக்காளர் எண்ணிக்கையை வைத்து அல்ல, மக்கள்தொகையை வைத்து. குழந்தையும் கணக்கில் வரும், ஓட்டுரிமை இல்லாதவரும் வருவார். "எங்க வார்டில் 1,400 ஓட்டு, பக்கத்து வார்டில் 900 ஓட்டு" என்று மனு எழுதினால் அது எடுபடாது.

இன்னொன்று, எந்த மக்கள்தொகை? கடைசியாக வெளியான கணக்கெடுப்பு என்கிறது சாசனம். 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் 2011 எண்ணிக்கையே நீண்ட காலமாகக் கையில் இருந்து வந்தது. அதற்குப் பிறகு வயலெல்லாம் மனைப்பிரிவுகளாகி, அடுக்குமாடிகள் முளைத்த ஊர்கள் எத்தனை! காகிதத்தில் 1,200 பேர் இருக்கும் வார்டில் நிஜத்தில் அதைப்போல மூன்று பங்கு ஆட்கள் குடியிருக்கலாம். அது அநியாயம்தான், ஆனால் சட்டப்படி அதை ஆட்சேபணையாக வைக்க முடியாது. 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக அறிவித்திருக்கும் அடுத்த கணக்கெடுப்பின் எண்கள் வெளியானால்தான் இது சரியாகும்.

படி 3: காகிதங்களை முன்கூட்டியே சேர்த்து வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். வரைவு வெளியான பிறகு ஆட்சேபணை சொல்லக் கிடைப்பது சில நாட்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பதில் தர அலுவலகத்துக்கு 30 நாள் அவகாசம் உண்டு. வரைவைப் பார்த்துவிட்டு மனுப் போட்டால் பதில் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதனால், தேர்தல் பேச்சு காதில் விழுந்த உடனேயே 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போட்டுவிடுங்கள்.

கேட்க வேண்டியவை இவை: இப்போதுள்ள வார்டு எல்லை அறிவிக்கை, வார்டு வாரியான மொத்த மக்கள்தொகை, ஆதிதிராவிடர், பழங்குடியினர் மக்கள்தொகை, கணக்கெடுப்பு வட்டாரங்களின் வரைபடம். கணக்கெடுப்பு வட்டாரம் என்பது கணக்கெடுக்க வருபவர் ஒருவருக்குப் பிரித்துக் கொடுத்த பகுதி, பெரும்பாலும் சில நூறு பேர். வார்டுகளைக் கட்டும் செங்கல் அதுதான். இந்தச் செங்கற்களை எப்படி அடுக்கினார்கள் என்று தெரிந்தால்தான் வேறு மாதிரி அடுக்கிக் காட்ட முடியும்.

காகிதம் வரட்டும். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வார்டைச் சுற்றி நடந்து வாருங்கள். நான் அப்படி நடந்தபோதுதான், காகிதத்தில் 'வடக்கு: வாய்க்கால்' என்று எழுதியிருந்த இடத்தில் வாய்க்காலே இல்லை, தூர்ந்துபோய் அதன்மேல் சிமெண்ட் சாலை போட்டிருக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்தேன். எல்லையே இல்லாத எல்லை. சாலைக்கு அந்தப்புறம் இருந்த ஆறு வீடுகள் எந்த வார்டு என்று அந்த வீட்டுக்காரர்களுக்கே சரியாகத் தெரியவில்லை.

படி 4: வரைவைப் படிப்பது எப்படி

வரைவு ஒரு அட்டவணையாக வரும். வார்டு எண், அதில் அடங்கும் தெருக்கள், மக்கள்தொகை, அதில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் எத்தனை பேர், நான்கு திசை எல்லைகள். உள்ளாட்சி அலுவலகத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் ஒட்டுவார்கள், மாவட்ட இணையதளத்திலும் ஏற்றுவார்கள். முதல் வேலையாகக் கைபேசியில் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய காகிதம் மழையில் நனையும், கிழியும்.

அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். எல்லா வார்டுகளின் மக்கள்தொகையையும் கூட்டினால் ஊரின் மொத்தத்தோடு பொருந்துகிறதா? எந்தத் தெருவாவது இரண்டு இடத்தில் வருகிறதா, எங்குமே வராமல் விடுபட்டிருக்கிறதா? வார்டு ஒரே துண்டாக இருக்கிறதா, நடுவில் இன்னொரு வார்டு புகுந்து இரண்டாகக் கிடக்கிறதா? எல்லையாகச் சொன்ன ஆறு, ரயில் பாதை, பெரிய சாலை தரையில் உண்மையிலேயே இருக்கிறதா? ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் நாலு தெருவைச் சேர்த்திருந்தால், அந்த மக்கள் வாக்குச்சாவடிக்கு எப்படி வருவார்கள் என்று பாருங்கள். கேட்டைத் தாண்டி ஒன்றரை கிலோமீட்டர் சுற்றி வர வேண்டும் என்றால் அதுவே நல்ல ஆட்சேபணை.

ஒரு தெருவின் இரு பக்கமும் வேறு வேறு வார்டில் வருவது சட்டப்படி தவறு இல்லை. அகலமான சாலையை எல்லையாக வைத்தால் அப்படித்தான் அமையும். பத்தடி அகலத் தெருவை, ஒரே குடிநீர்க் குழாயில் தண்ணீர் பிடிக்கும் தெருவைப் பிளப்பதுதான் கொடுமை.

படி 5: குடியிருப்பு பிளக்கப்படுகிறதா என்று பாருங்கள்

எல்லாவற்றிலும் கவனமாகப் பார்க்க வேண்டியது இதுதான். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான ஒதுக்கீட்டு வார்டுகளை, அவர்கள் மக்கள்தொகை விகிதம் எங்கே அதிகமோ அந்த வரிசையில்தான் பார்க்கிறார்கள். ஆக, எல்லைக்கோடு நகர்ந்தால் ஒதுக்கீடும் நகரும்.

அதே 18,000 பேர் ஊரையே எடுத்துக்கொள்வோம். அங்கே 900 பேர் வாழும் காலனி ஒன்று இருக்கிறது. அதைப் பிரிக்காமல் ஒரே வார்டில் வைத்தால், 1,200-ல் 900. அதாவது 75 சதவீதம். நடுவில் கோடு போட்டு, 450 பேரை இந்த வார்டிலும் 450 பேரை அந்த வார்டிலும் சேர்த்தால் இரண்டிலும் 37.5 சதவீதம். ஆள் ஒருவர்கூட இடம் மாறவில்லை, வீடு ஒன்றுகூட இடியவில்லை. ஆனால் உறுதியாகக் கிடைத்திருக்க வேண்டிய இடம் கைநழுவிப் போகலாம். ஒதுக்கீடு இல்லாவிட்டாலும் 75 சதவீதம் இருந்தால் தங்களில் ஒருவரைத் தாங்களே அனுப்ப முடியும். 37.5-ல் அது மற்றவர் தயவு.

காலனியை ஒரே வார்டில் வைத்தால் பக்கத்து வார்டுகளில் அவர்கள் குரல் குறையுமே என்று சிலர் கேட்பார்கள். பெரிய தொகுதிகளில் அது யோசிக்க வேண்டிய கேள்வி. ஆயிரம் பேர் கொண்ட வார்டில், ஒரே குடியிருப்பை ஒன்றாக வைப்பதுதான் நியாயம் என்பது என் முடிவு. இந்த நாற்காலிகளின் மதிப்பு தெரிய வேண்டுமென்றால் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளை நினைத்துப் பாருங்கள். 1996-ல் தலைவர் பதவி ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டும், மற்ற சாதியினரின் எதிர்ப்பால் 2006 அக்டோபர் வரை அங்கே முறையாக ஒரு தலைவர் உட்கார முடியவில்லை. இடம் கிடைத்தே அந்தப் பாடு என்றால், கோட்டிலேயே இடம் போய்விட்டால் போராடக்கூட வழி இருக்காது.

பெண்களுக்கான 50 சதவீத ஒதுக்கீடு 2016-ல் சட்டமானது. எந்தெந்த வார்டு பெண்களுக்கு என்பது எல்லை முடிவான பிறகு தனியாக அறிவிக்கப்படும். அதை இந்த ஆட்சேபணையில் சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

படி 6: ஆட்சேபணையை எழுதுவது

கோபத்தில் எழுதாதீர்கள். "ஆளுங்கட்சிக்குச் சாதகமாக வரையப்பட்டுள்ளது" என்று எழுதினால், உண்மையாகவே இருந்தாலும், அந்த மனு அரசியல் மனுக்களின் கட்டில் போய்ச் சேரும். எண்ணும் தெருப் பெயரும் மாற்று யோசனையும் இருக்கட்டும். இந்த மாதிரி:

"வரைவின்படி வார்டு 7-ன் மக்கள்தொகை 1,460. பேரூராட்சியின் சராசரி 1,200. இது சராசரியைவிட 21 சதவீதத்துக்கு மேல் அதிகம். வார்டு 8-ன் மக்கள்தொகை 980. வார்டு 7-ல் உள்ள பள்ளிவாசல் தெருவும் (140 பேர்) கிணற்றுச் சந்தும் (90 பேர்) வார்டு 8-ஐ ஒட்டியுள்ளன. இவ்விரண்டையும் வார்டு 8-ல் சேர்த்தால் வார்டு 7-ல் 1,230 பேரும் வார்டு 8-ல் 1,210 பேரும் இருப்பர். பிற வார்டுகள் எதுவும் பாதிக்கப்படாது. வரைபடம் இணைப்பில் உள்ளது."

கடைசி வரிக்கு முந்தைய வரியைக் கவனியுங்கள். அதிகாரிக்கு இருக்கும் பயமே ஒரு தெருவை நகர்த்தினால் பதினைந்து வார்டும் கலைந்துவிடுமோ என்பதுதான். இரண்டு வார்டுக்குள்ளேயே முடியும் திருத்தம் என்றால் அவருக்கும் கையெழுத்துப் போட எளிது.

மனுவை நேரில் கொடுத்து, நகலில் தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். கூடவே விரைவு அஞ்சலிலும் (ஸ்பீட் போஸ்ட்) ஒன்று அனுப்புங்கள். முடிந்தால் அந்தத் தெருக்காரர்களிடம் கதவு எண்ணோடு கையெழுத்து வாங்கி இணையுங்கள்.

படி 7: கருத்துக் கேட்பில் பேசுவது

ஆட்சேபணை கொடுத்தவர்களைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். கட்சிப் பிரதிநிதிகள் கூட்டமாக வருவார்கள், சத்தம் அதிகம் இருக்கும். உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம். பெரிதாக அச்செடுத்த ஒரு வரைபடத்தைக் கொண்டுபோய் மேசையில் விரியுங்கள். பத்துப் பக்க மனுவைவிட அது வேகமாகப் பேசும். தெருப் பெண்கள் இரண்டு பேரையாவது அழைத்துப் போங்கள். தண்ணீர் எங்கே பிடிக்கிறோம், ரேஷன் கடைக்கு எந்த வழியாகப் போகிறோம் என்று அவர்கள் சொல்லும்போது மறுத்துப் பேச யாருக்கும் வாய் வராது.

காலம் தவறினால் நீதிமன்றம் போகலாமா?

பெரும்பாலும் முடியாது, அதனால்தான் மேலே இவ்வளவு வற்புறுத்தினேன். அரசியல் சாசனத்தின் 243-ஓ பிரிவு ஊராட்சிகளிலும், 243-இசட்ஜி பிரிவு நகராட்சிகளிலும், வார்டு எல்லை தொடர்பான சட்டத்தை நீதிமன்றத்தில் கேள்வி கேட்பதற்குத் தடை போட்டிருக்கின்றன. 1995-ல் உத்தரப்பிரதேச ஊராட்சிகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு சின்னக் கதவை மட்டும் திறந்து வைத்தது. எல்லை வரையும் முன் ஆட்சேபணை கேட்கவில்லை, விசாரிக்கவில்லை என்றால் மட்டும் வரலாம். அதுவும் தேர்தல் அறிவிக்கை வெளியாவதற்கு முன்னால் வர வேண்டும். ஆக, நீங்கள் வாங்கி வைத்த அந்த ஒப்புகை நகல்தான் நீதிமன்றத்திலும் உங்கள் ஒரே சாட்சி.

முறைப்படி வரையறை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்தாகிவிட்டது. 2019-ல் காஞ்சிபுரம், வேலூர், விழுப்புரம், திருநெல்வேலி மாவட்டங்களைப் பிரித்துப் புது மாவட்டங்களை உருவாக்கினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அந்த நான்கிலிருந்து உருவான 9 மாவட்டங்களில் மறுவரையறையை முடித்துவிட்டுத்தான் தேர்தல் என்று 2019 டிசம்பர் 6-ல் உத்தரவு வந்தது. மற்ற மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் அந்த டிசம்பர் 27, 30 தேதிகளில் ஓட்டுப்பதிவு நடந்தது. இந்த 9 மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. நகரங்களின் நிலை இன்னும் மோசம். 2016 அக்டோபரில் மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல்தான். ஐந்து வருடத்துக்கு மேல் தனி அலுவலர்கள் ஆட்சி. தெரு விளக்கு எரியவில்லை என்றால் சொல்ல ஆள் இல்லை. எல்லை வரையறையைக் காரணம் காட்டித் தேர்தலைத் தள்ளக் கூடாது என்று 2022-ல் மத்தியப் பிரதேச வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அதனால் பெரிய விஷயம். பழைய எல்லையிலாவது தேர்தலை நடத்து என்பதே அதன் சாரம்.

படி 8: அரசிதழ் வந்த பிறகு

இறுதி அறிவிக்கை அரசிதழில் வெளியாகும். அதன் நகலை வாங்கி வையுங்கள். வேலை இத்தோடு முடியவில்லை. சட்டமன்ற வாக்காளர் பட்டியலை எடுத்து, தெருத் தெருவாக வார்டுகளுக்குப் பிரித்து உள்ளாட்சிப் பட்டியல் தயாரிக்கிறார்கள். இங்கேதான் சரியாக வரைந்த எல்லையும் கெட்டுப்போகும். அரசிதழில் பள்ளிவாசல் தெரு 8-வது வார்டு என்று இருக்கும், பட்டியலில் பழையபடி 7-வது வார்டிலேயே கிடக்கும். ஒரே பெயரில் இரண்டு தெரு உள்ள ஊர்களில் இது அடிக்கடி நடக்கும்.

எங்கள் ஊரில் காந்தி தெரு மூன்று இருக்கிறது. போன முறை பட்டியல் வந்ததும் நான் முதலில் தேடியது அந்த மூன்றையும்தான். அரசிதழை ஒரு கையிலும் பட்டியலை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, கதவு எண் 1, நடு வீடு, கடைசி வீடு என்று தெருவுக்கு மூன்று வீடாகச் சரிபார்த்தால் போதும், ஒரு வார்டுக்கு ஒரு மணி நேரம்தான் ஆகும். தவறு இருந்தால் தேர்தல் அறிவிக்கைக்கு முன்பே செயல் அலுவலரிடமோ பி.டி.ஓ.விடமோ எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.